பனிமலையும் தவக்குலும்



மருதமுனையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அவருடைய தம்பி சுவிஸ் நாட்டில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். வாப்பா மௌத்தாகிவிட்டார், உம்மாவுக்கும் சுகமில்லை. தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் இந்த ராத்தாதான். அவர் இப்போது, கூட வேலை செய்யும் பையன்களோடு சேர்ந்து, லீவு கிடைக்கும் சனிக்கிழமைகளில் பனிமலை ஏறப் போகிறாராம். தவறாமல் போட்டோவும் அனுப்புவாராம். போன மாதம் வந்த போட்டோவின் கீழே, "இண்டைக்கு மலையில ஆபத்து இலக்கம் மூண்டு. அஞ்சில மூண்டுதானே, பாதிதான், பயப்படாதீங்க" என்று எழுதியிருந்தாராம்.

ராத்தா பயந்துபோய், போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு வந்த பதில்தான் அவரை என்னிடம் எழுத வைத்திருக்கிறது. "அல்லாஹ் எழுதினதுதானே நடக்கும் ராத்தா. அதோட இடிபாட்டில மௌத்தானா ஷஹீது எண்டு நீங்கதானே சின்னதில எனக்குச் சொல்லித் தந்தீங்க." இதற்கு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தம்பியைத் தடுத்தால் தன்னுடைய ஈமானில் குறை வந்துவிடுமோ என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

இந்தக் கேள்வியை இரண்டு வரியில் தீர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை. முதற் காரணம், பனிமலை என்றால் என்னவென்று எனக்கே தெரியாது. நமது கரையில் பிறந்தவர்களுக்குப் பனி என்றால் மார்கழியில் புல்லில் கிடக்கும் ஈரம். "பனி விழுது, தலையை மூடு" என்று நமது மூத்தம்மாமார் சொல்வதும் அதைத்தான். ஜனாஸாத் தொழுகையில் ஓதும் துஆவில், மையித்தின் பாவங்களைத் தண்ணீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவிவிடு யாஅல்லாஹ் என்று கேட்கிறோம். அதிலே வரும் 'ஸல்ஜ்' என்ற அறபுச் சொல்லை மத்ரஸாப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை எழும்பி, "ஹஸரத், அது மீனுக்குப் போடுற ஐஸா?" என்று கேட்கும். நானும் பல வருடங்களாக "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றே சொல்லி வந்தேன். இந்தக் கடிதம் வந்த பிறகு தேடிப் படித்தேன். அது அப்படியில்லை.

மீனுக்குப் போடும் ஐஸ் ஒரே கட்டி. மலையில் கிடக்கும் பனி, பல நாட்களில் பல விதமாக விழுந்த படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஒரு நாள் காற்றோடு விழுந்தது இறுகிப் பலகைபோல் கிடக்கும். இன்னொரு நாள் அமைதியாக விழுந்தது பஞ்சுபோல் கிடக்கும். மேகமில்லாத குளிர் இரவில் நமது புல்லில் ஈரம் படிவதுபோலவே அங்கே பனியின் மேலே சிறகு சிறகாக உறைபனி படியும். காலை வெயிலில் அது மினுங்கும்போது பார்க்க மிக அழகாம். அடுத்த நாள் புதுப்பனி விழுந்து அந்தச் சிறகுகளை மூடிவிட்டால், ஒட்டாத ஒரு படை நடுவில் மறைந்துவிடுகிறது. அடியிலும் அப்படித்தான். நிலத்தின் சூடு கீழே, கடுங்குளிர் மேலே, இடையில் ஆவி ஏறி ஏறிப் பனியின் மணிகள் உருமாறிச் சீனிபோல் உதிரியாகிவிடுகின்றன.

இதை விளங்கிக்கொள்ள ஒரு வேலை செய்து பாருங்கள். ஒரு சில்வர் தட்டை எடுத்து அடியில் கொஞ்சம் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டிவிடுங்கள். அதன்மேல் சீனியைப் பரவுங்கள். அதற்கும் மேலே, சற்று ஈரப்பதமான மாவை ஒரு விரல் தடிப்புக்கு அழுத்தி வையுங்கள். இனித் தட்டின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்துங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரே கணத்தில் மேலே உள்ள மா முழுவதும் ஒரு பலகைபோல் வழுக்கி விழும். சிறிது சிறிதாக உதிராது, மொத்தமாகவே வரும். பனிச்சரிவும் இப்படித்தான் நிகழ்கிறது. 30 முதல் 45 பாகை வரையான சரிவுகளில்தான் இது பெரும்பாலும் நடக்கிறதாம். மாடி வீட்டில் இருப்பவர்கள் தங்கள் படிக்கட்டைப் பார்த்தால் அந்தச் சரிவு எவ்வளவென்று தெரிந்துவிடும். பெரிய செங்குத்து ஒன்றுமில்லை. வேகமோ மணிக்கு 100 கிலோமீற்றரையும் தாண்டும். விழுந்து நின்ற பனி சீமெந்துபோல் இறுகிவிடுகிறது. உள்ளே அகப்பட்டவரால் விரலைக்கூட அசைக்க முடியாது.

படங்களில் காட்டுவதுபோல் சத்தம் போட்டால் மலை சரியும் என்று நானும் நம்பியிருந்தேன். அது கட்டுக்கதை. சத்தத்தால் சரிவதில்லை. பாரத்தால் சரிகிறது. உல்லாசமாகப் போய் பனிச்சரிவில் மாட்டிக்கொள்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தச் சரிவைக் கிளப்பியது அவர்களோ கூடப் போனவர்களோ வைத்த காலடிதான் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நடுவில் சீனிப் படை நாட்கணக்கில் காத்துக் கிடக்கிறது. நேற்றுப் போனவரை அது தாங்கியிருக்கலாம். இன்று போகிறவரை அதே சரிவு தாங்கும் என்பதற்கு நேற்றையவரின் கால்தடம் சாட்சியாகாது.

இப்போது தம்பியின் 'மூண்டு' இலக்கத்துக்கு வருகிறேன். சுவிஸ் நாட்டில் டாவோஸ் என்ற மலை நகரத்தில் பனியையும் பனிச்சரிவையும் ஆராயும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அது அறிக்கை வெளியிடுகிறது. ஆபத்தை ஐந்து படியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று குறைவு, இரண்டு மிதமானது, மூன்று கணிசமானது, நான்கு கடுமையானது, ஐந்து மிகக் கடுமையானது. இது பரீட்சைப் புள்ளி அல்ல, ஐந்தில் மூன்று என்றால் பாதி என்று கணக்குப் போடுவதற்கு. ஒரு படி ஏறும்போது ஆபத்து பல மடங்காகிறது. மூன்று என்றால், செங்குத்தான பல சரிவுகளில் ஒரே ஒரு மனிதரின் பாரமே பனியைச் சரிக்கப் போதும் என்று அர்த்தம்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்த நாட்டில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறப்பது இந்த மூன்றாம் இலக்க நாட்களில்தான். நான்கிலும் ஐந்திலும் ஜனங்கள் பயந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில் வானம் நீலமாக இருக்கும், புதுப்பனி வெள்ளை வெளேரென்று கிடக்கும், மனம் போகச் சொல்லும். சகோதரி, உங்களுக்கு வந்த போட்டோவில் வானம் எப்படி இருந்தது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். பனிக்குப் பயந்து நிற்பது ஈமானில் குறையா? நமது நாட்டுக்கு 1344இல் வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதாவை நீங்கள் அறிவீர்கள். மொரோக்கோவிலிருந்து புறப்பட்டு உலகத்தில் பாதியைச் சுற்றிய மனிதர் அவர். கோழை என்று யாரும் அவரைச் சொல்லமாட்டார்கள். அவர் இந்தியாவுக்குப் போகும் வழியில், 1333ஆம் ஆண்டளவில், ஆப்கானிஸ்தானின் ஹிந்துகுஷ் மலையைக் கடக்கவேண்டியிருந்தது. அந்தப் பெயருக்கு இந்தியர்களைக் கொல்லும் மலை என்று பொருள் என்றும், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைச் சிறுவர் சிறுமியர் கடுங்குளிராலும் பனியாலும் அங்கே பெருந்தொகையாக மடிந்ததால் அந்தப் பெயர் வந்ததென்றும் அவர் தமது பயண நூலில் எழுதிவைத்தார். பிறர் வீட்டுப் பிள்ளைகள், யாரும் கணக்கு வைக்காத பிள்ளைகள். அந்த இடத்தைப் படித்தபோது சற்று நேரம் கிதாபை மூடிவைத்துவிட்டேன்.

இப்னு பதூதா என்ன செய்தார்? குந்தூஸ் என்ற இடத்தில் ஏறத்தாழ நாற்பது நாட்கள் தங்கினார். ஒட்டகங்களையும் குதிரைகளையும் மேயவிடுவது ஒரு காரணம். பனிக்குப் பயந்தது இன்னொரு காரணம். இதை அவர் மறைக்காமல் எழுதுகிறார். நன்றாகச் சூடு பிறந்த பிறகுதான் புறப்பட்டார். அதுவும் இரவின் கடைசியில் கிளம்பி, சூரியன் மறைவதற்குள் ஒரே நாளில் மலையைக் கடந்தார். ஒட்டகங்களின் கால் பனியில் புதையாதிருக்கக் கம்பளித் துணிகளை முன்னால் விரித்து விரித்து அதன்மேல் நடத்திச் சென்றார்கள். அவர் காழியாக இருந்தவர், மார்க்கம் படித்தவர். அந்த நாற்பது நாட்களும் தவக்குல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார் என்று யாராவது சொல்லமுடியுமா?

அதே ஹிந்துகுஷ் மலையில் இன்று ஸாலங் கணவாய் வழியாக வீதி போகிறது, சுரங்கப்பாதையும் இருக்கிறது. 2010 பெப்ரவரியில் அங்கே புயலோடு பனி கொட்டி, சரிவுக்கு மேல் சரிவாக விழுந்து, பஸ்களையும் கார்களையும் மூடியது. 160க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். வீதி வந்துவிட்டது, வாகனம் வந்துவிட்டது, ஆனால் மலை மாறவில்லை.

தமிழ் பேசும் வீடுகளுக்கும் இந்தத் துக்கம் வந்திருக்கிறது. 2016 பெப்ரவரி 3ஆம் திகதி, இந்தியாவின் வட எல்லையில் சியாச்சின் பனிப்பாறையில், 19,000 அடிக்கும் மேலே இருந்த சோனம் காவல் நிலையின்மீது பெரும் பனிச்சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த 10 படையினர் உள்ளே அகப்பட்டார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஆந்திராவின் கர்னூல் மாவட்டத்து முஸ்லிம் இளைஞர் ஒருவரும் இருந்தார். ஆறாம் நாள் பனியைக் குடைந்தவர்கள், கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா என்பவரை உயிரோடு கண்டெடுத்தார்கள். உலகமே வியந்தது. பெப்ரவரி 11ஆம் திகதி டில்லி ஆஸ்பத்திரியில் அவரும் உயிர் நீத்தார். அவர்கள் உல்லாசத்துக்குப் போனவர்கள் அல்லர். கடமை அவர்களை அங்கே நிறுத்தியிருந்தது.

ஆறு நாள் உயிரோடு இருந்தது அபூர்வத்திலும் அபூர்வம். அதைப் பார்த்து யாரும் கணக்குப் போடக்கூடாது. பனியில் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரை மணி கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஹெலிகொப்டர் வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். ஆகவே அவரைக் காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் தோழர் மட்டுமே. தனியாகப் பிரயாணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததையும், மூன்று பேரையே ஒரு கூட்டம் என்று சொன்னதையும் நாம் பிரயாணப் பாடத்தில் ஓதுகிறோம். இந்த நிமிடக் கணக்கைப் படித்தபோது அந்தப் பாடம் எனக்குப் புதிதாக விளங்கியது.

இப்போது ஷஹீது பற்றிய கேள்வி. கொள்ளை நோயில், வயிற்று நோயில், தண்ணீரில் மூழ்கி, இடிபாட்டில் சிக்கி மௌத்தாகிறவர்களும் ஷஹீதுகள்தான் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸின் கருத்து. சகோதரி தன் தம்பிக்குச் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு நமது ஊர்களில் எத்தனை உம்மாமார் இந்த ஹதீஸைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்! அது அவர்களுக்காக வந்த ஹதீஸ். எதிர்பாராமல் ஆபத்து வந்து மூடிக்கொண்டவர்களுக்கும், அவர்களை இழந்து நிற்பவர்களுக்கும் உரிய ஆறுதல். அதை எடுத்துக்கொண்டு போய் மலையடிவாரத்தில் டிக்கட்டாகக் காட்டக்கூடாது.

ஏனென்றால் இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. தடுப்புச் சுவர் இல்லாத மொட்டைமாடியில் படுத்துறங்கி விழுந்தவரிடமிருந்தும், கடல் கொந்தளிக்கும் நேரத்தில் அதில் ஏறிப் போனவரிடமிருந்தும் அல்லாஹ்வின் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் அது வருகிறது. மாடியைப் பற்றியது அபூதாவூதிலும் இருக்கிறது. கடலையும் சேர்த்து இமாம் அஹ்மத் அவர்களும், இமாம் புகாரி அவர்கள் தமது அல்அதபுல் முஃப்ரதிலும் பதிவு செய்திருக்கிறார்கள். கவனியுங்கள்: கடலில் போவதை நபியவர்கள் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நமது ஊரில் அடுப்பு எரியாது. கொந்தளிக்கும் நேரத்தில் போவதைத்தான் சொன்னார்கள். கடல் ஒன்றுதான், நேரம் வேறு. மலைக்கும் அதே கணக்குத்தான்.

நமது அறபுக் கல்லூரிகளில் ஓதும் மின்ஹாஜ் கிதாபில், இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஹஜ்ஜுடைய பாடத்தில் ஒரு சட்டம் சொல்கிறார்கள். கடல் வழியாகத்தான் ஹஜ்ஜுக்குப் போகமுடியும் என்றால், பாதுகாப்பாகப் போய்ச் சேருவது மிகைத்திருக்கும்போதுதான் அந்தப் பிரயாணம் கடமையாகும். இஸ்லாத்தின் ஐந்தாம் தூணுக்கே நிலைமை இதுவென்றால், சனிக்கிழமை உல்லாசத்துக்கு என்ன சொல்வது? தம்பியிடம் இதைக் கேளுங்கள். அவர் கெட்டிக்காரப் பிள்ளை என்று கடிதத்திலேயே தெரிகிறது, விளங்கிக்கொள்வார்.

நமது நாட்டில் பனி விழாது என்று நாம் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. மலையில் பனிக்குப் பதிலாக நமக்கு மண் இருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஒட்டாத ஒரு படை அடியில் உருவாகி, மேலே உள்ளது மொத்தமாக வழுக்குவது ஏறத்தாழ அதே விதம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போக வேறு நிலமில்லாத ஏழைத் தொழிலாளர்கள் எங்கே போவார்கள்? அவர்களைப் பார்த்துத் தவக்குல் பாடம் நடத்த எனக்கு நாக்கு வராது. அவர்களுக்குக் காணி கொடுத்திருக்கவேண்டியவர்களிடம்தான் அந்தக் கேள்வி.

ஆனால் போகாமல் இருக்கக்கூடிய நாம்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மலைகள் சரிந்து, வெள்ளத்தோடு சேர்த்து நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கல்முனையிலிருந்து மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும் நமது பிள்ளைகள் 18 வளைவு ஏறித்தான் போகிறார்கள். கல்யாண வீடு, கடைச் சாமான், டாக்டரிடம் காட்டுவது, எல்லாமே அவசரம்தான். அதே நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிரு, செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகு, சிவப்பு என்றால் வெளியேறு. செம்மஞ்சளைக் கேட்டுவிட்டு "இன்னும் சிவப்பு வரல்லதானே" என்று வேனை எடுக்கிறவர்களுக்கும், "அஞ்சில மூண்டுதானே" என்ற தம்பிக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

சகோதரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தடுக்கலாம். ஈமானில் ஒரு குறையும் வராது. ஆனால் மலையையே விட்டுவிடு என்று சொல்லாதீர்கள். அது நடக்காது, உங்களிடம் சொல்லாமல் போகத் தொடங்குவார், போட்டோ வருவதும் நின்றுவிடும். அதைவிடப் பெரிய நட்டம் இல்லை. மூன்று என்று அறிக்கை வந்த நாளில், சரிவான இடத்தையும் சரிவுக்கு நேர் கீழே உள்ள இடத்தையும் விட்டு, சமமான பள்ளத்தாக்கில் நடக்கச் சொல்லுங்கள். முந்திய நாள் காற்றோடு பெரும் பனி விழுந்திருந்தால், திடீரென்று சூடு ஏறியிருந்தால், பக்கத்து மலையில் புதிதாகச் சரிந்த அடையாளம் இருந்தால், கால் வைக்கும்போது அடியில் 'வும்' என்று அமுங்கும் ஓசை கேட்டால், பனியில் வெடிப்பு ஓடினால், அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும். மலை பேசும் பாஷை அதுதான் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். புதைந்தவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வெட்டி மூன்றும் கூடப் போகிற ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா, அவற்றைப் பாவிக்கப் பழகியிருக்கிறார்களா என்று கேளுங்கள். சமையலறைப் பையன்கள் நால்வரும் மலையைத் தெரியாதவர்கள் என்றால், தெரிந்த ஒருவர் கூட வரும்வரை காத்திருக்கட்டும். இப்னு பதூதா நாற்பது நாள் காத்திருந்தாரே, இவருக்கு அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தானே.

வெள்ளிக்கிழமை மாலை 5 மணி என்பது குளிர்காலத்தில் அவருக்கு மஃரிபை ஒட்டிய நேரம். அந்த நேரத்தில்தான் சனிக்கிழமைக்கான அறிக்கை வரும். அப்போது நமக்கு இரவு ஒன்பதரை மணி, இஷாவும் தொழுது, உம்மாவுக்கு மருந்தும் கொடுத்து முடித்திருப்பீர்கள். அறிக்கையை வாசித்துவிட்டு உங்களுக்கு ஒரு கோல் எடுத்து, என்ன இலக்கம், எந்தப் பக்கத்துச் சரிவு, எந்த உயரத்துக்கு மேலே என்று அவரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.